வேரில் இருந்த விடை

சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றிச் சற்றேனும் வாசித்தவர்கள் எஃப்.எச்.கிரேவ்லி என்ற பெயரைக் கடந்து வந்திருப்பார்கள். 1920 முதல் 1940 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். டி.என்.ராமச்சந்திரனுடன் இணைந்து அவர் தயாரித்து 1932இல் வெளிவந்த உலோகப் படிமங்களின் விளக்கப் பட்டியல், படிமக்கலை பயில்வோர் இன்றும் புரட்டுகிற நூல். சிற்பத்தின் வழியாக மட்டுமே அவரை அறிந்தவர்களுக்கு, அவர் அடிப்படையில் விலங்கியலாளர் என்பது வியப்பளிக்கலாம். எழும்பூருக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1912இல், அவர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று சஹ்யாத்ரி மலையின் ஆறுகளில் மிதக்கும் ஜெல்லிமீனைப் பற்றியது.

ஆற்றில் ஜெல்லிமீனா என்று கேட்கத் தோன்றும். நம் மனத்தில் அது கடலுக்கே உரிய உயிர். வலையில் சிக்கினால் நம் மீனவர்கள் சொறி என்று அலுத்துக்கொண்டு உதறி எறிவது. அலை ஒதுக்கிய மணலில் கண்ணாடிக் கூழாகக் கிடந்து காய்வது. உப்பு நீரின்றி அது வாழும் என்று எண்ணிப் பார்க்க நமக்குக் காரணமே இல்லை. நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய விலங்கியலாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணியிருந்தனர். அந்த எண்ணம் கலைந்த கதையில் கிரேவ்லிக்கு ஒரு சிறு பங்கு உண்டு. அவரைவிடப் பெரிய பங்கு கொண்ட இன்னொருவரும் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்தான். மாநிலக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக 1886இல் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் அவர். இருவரையும் இணைக்கும் அந்த உயிரினத்தின் வரலாறு தொடங்குவது லண்டனில், ஒரு வெந்நீர்த் தொட்டியில்.

*

ரீஜண்ட் பூங்காவில் அரச தாவரவியல் சங்கத்தின் தோட்டம் இருந்தது. அமேசான் நீர்நிலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட ராட்சத அல்லி அக்காலத்தின் பெருங்கவர்ச்சி. விக்டோரியா அரசியின் பெயரைத் தாங்கிய அந்த அல்லிக்கென்று கண்ணாடி வீடுகள் எழுப்பப்பட்டன. அதன் தொட்டி நீர் வெப்பமண்டலத்துச் சூட்டில் வைக்கப்பட்டது. ரீஜண்ட் பூங்காவின் தொட்டி ஏறத்தாழ 90 பாரன்ஹீட் பாகையில், அதாவது 32 செல்சியஸ் அளவில் இருந்தது. 1880 ஜூன் மாதத்தில் சங்கத்தின் செயலர் வில்லியம் சோவர்பி அந்தத் தொட்டியில் சிறு குடைகள் ஏறி இறங்குவதைக் கண்டார். அவர் இயற்கை அறிஞர்களின் புகழ்பெற்ற குடும்பத்தில் வந்தவர். தான் காண்பது இருக்கக்கூடாத ஒன்று என்பதை உடனே உணர்ந்துகொண்டார். அவர் கொடுத்த மாதிரிகள் இரண்டு பேரறிஞர்களின் கைகளுக்குப் போயின. அங்கேதான் தகராறு பிறந்தது.

ஒருவர் லண்டன் பல்கலைக் கல்லூரியின் பேராசிரியர் ரே லங்கெஸ்டர். அப்போது முப்பத்து மூன்று வயது, வேகமும் வாதத்திறமும் மிக்கவர். மற்றவர் ஜார்ஜ் ஆல்மன். லின்னேயச் சங்கத்தின் தலைவர், ஹைட்ரா இனங்களைப் பற்றிய ஆய்வில் அந்நாளைய முதன்மை அறிஞர். லங்கெஸ்டரின் குறிப்பு ஜூன் 17ஆம் தேதி 'நேச்சர்' இதழில் வந்தது. ஆல்மன் அதே நாளில் லின்னேயச் சங்கத்தில் தன் கட்டுரையை வாசித்தார்; அது ஜூன் 24ஆம் தேதி இதழில் அச்சேறியது. ஒரே உயிருக்கு இரு பெயர்கள். லங்கெஸ்டர் அதன் விளிம்புத் திரையில் புதைந்திருந்த புலனுறுப்புகளைக் கேட்கும் உறுப்புகள் என்று கொண்டு கிராஸ்பிடகஸ்டா என்று பெயரிட்டார். ஆல்மன் வைத்த பெயர் லிம்னோகோடியம். குளத்து மணி என்று பொருள்படும். இரண்டில் ஆல்மனின் பெயரே செவிக்கு இனியது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. லங்கெஸ்டரே விட்டுக்கொடுத்துச் சில காலம் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். ஆனால் பெயரிடும் விதி இனிமையைப் பார்ப்பதில்லை, நாளைத்தான் பார்க்கிறது. ஒரு வாரம் முந்தியதால் லங்கெஸ்டரின் பெயரே நிலைத்தது. இனப்பெயராகச் சோவர்பியின் பெயர் சேர, கிராஸ்பிடகஸ்டா சோவர்பியி என்றே இன்றும் அது அறியப்படுகிறது.

பெயர்ச் சண்டைக்கு நடுவே, அமைதியாக ஒரு சோதனையும் நடந்தது. டார்வினின் இளம் நண்பரான ஜார்ஜ் ரோமனெஸ் கடல் ஜெல்லிமீன்களின் நரம்பு இயக்கத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அவர் இந்தத் தொட்டி உயிரைக் கடல்நீரில் விட்டுப் பார்த்தார். அது விரைவில் இறந்தது. கடல் ஜெல்லிமீன் நன்னீரைத் தாங்குவதைவிட மோசமாக இந்த நன்னீர் ஜெல்லிமீன் கடல்நீரைத் தாங்காமல் போனது. வழிதவறிக் குளத்துக்கு வந்துவிட்ட கடல் உயிர் என்று இனி அதைச் சொல்ல வழியில்லை. முன்னோர் எப்போது கடலை விட்டு வந்தார்களோ, இது திரும்பிப் போகும் வழியை மறந்துவிட்டிருந்தது.

*

அடுத்தடுத்த கோடைகளிலும் அது தொட்டியில் தோன்றியது. சில வாரங்கள் நீந்தும், பிறகு ஒன்றுகூட மிஞ்சாமல் மறையும். பிடித்துச் சோதித்தவை எல்லாம் ஆண்கள். முட்டையிடப் பெண் இல்லை. குளிர்காலத்தைக் கடந்து வாழும் உடலும் இல்லை. ஆனாலும் மறு கோடையில் குடைகள் எழும்பின.

ஜெல்லிமீன்களைப் பற்றி அறிந்த எவருக்கும் இதற்கு விடை எங்கே இருக்கும் என்பது தெரிந்தே இருந்தது. கடலில் வாழும் இதன் உறவினங்கள் பலவற்றில் நாம் காணும் குடை, வாழ்வின் ஒரு பாதி மட்டுமே; மெடூசா என்று அதற்குப் பெயர். மறுபாதி பாலிப் எனப்படும் நிலை. எதன் மீதேனும் ஒட்டிக்கொண்டு, இடம் பெயராமல், செடி கிளைப்பதைப் போல மொட்டுவிட்டுப் பெருகுவது. அந்த மொட்டுகளில் சில கழன்று மெடூசாவாக நீந்திப் போகும். ஆகவே தொட்டியின் ஏதோ ஒரு மூலையில் பாலிப் ஒட்டியிருக்க வேண்டும். தெரிந்த விடையாயினும் நான்கு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை.

1884இல் அதைக் கண்டுபிடித்தவர் போர்ன். லங்கெஸ்டரின் மாணவர், அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டியவர். எல்லோரும் நீரின் நடுவே குடைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தொட்டியின் நீர்ச்செடிகளைத் தூக்கி வேர்களை ஆராய்ந்தார். வேர் நுனிகளில் ஒட்டிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் தேறாத அளவில், அழுக்குத் துகள் போல இருந்தது அது. ஹைட்ராவுக்கு இருப்பதைப் போன்ற உணர்விழைகள் ஒன்றுகூட இல்லாத மொட்டைக் குழல். உணர்விழையில்லாத பாலிப்பை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்பே பார்த்திருந்தவர்கள்கூட அதை அதுவென்று அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆண்கள் மட்டுமே இருந்த புதிரும் இதனால் தெளிவடைகிறது. ஒரு பாலிப் மொட்டுவிட்டுப் பெருகும்போது பிறப்பவை எல்லாம் அதன் நகல்களே, பால் மாறுவதில்லை. ஒரு வேரில் ஒட்டிவந்த ஓரிரு பாலிப்களின் வழித்தோன்றல்களால் ஒரு தொட்டி முழுதும் நிரம்பிவிட முடியும். பின்னாளில் அமெரிக்காவின் ஏரிகளிலும் கல்குவாரிகளிலும் இதே நிலைதான் காணப்பட்டது. ஒரு குளத்தில் அனைத்தும் ஆண். இன்னொன்றில் அனைத்தும் பெண்.

போர்ன் இரண்டாண்டுகளில் சென்னைக்குக் கப்பலேறினார். தீயால் சூழப்பட்ட தேள் தன்னையே கொட்டிக்கொண்டு இறக்கும் என்ற உலகளாவிய நம்பிக்கையை இங்கே சோதித்து, தேளின் நஞ்சு அதையே கொல்வதில்லை என்று 1887இல் எழுதினார். மண்புழுக்களை ஆராய்ந்தார். பின்பு தாவரங்களின் பக்கம் திரும்பி, மனைவி எமிலியுடன் கொடைக்கானல் மலையில் செடிகளைச் சேகரித்தார்; நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி ஃபைசன் 1915இல் வெளியிட்ட நூலுக்கு அந்தச் சேகரம் ஓர் ஆதாரம். மாகாணக் கல்வித்துறையின் இயக்குநராகி, இறுதியில் 1915 முதல் 1921 வரை பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தார். அந்த நீண்ட வாழ்க்கைக் குறிப்பில் ரீஜண்ட் பூங்காவின் வேர்நுனிக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

*

கடலுக்கு அப்பால் இதே உயிர் வேறொரு மனிதரிடம் வேறொரு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எட்வர்ட் பாட்ஸ் பதவியில் இருந்த பேராசிரியர் அல்லர்; நன்னீர்ப் பஞ்சுயிர்களின் மீது தீராத ஆர்வம் கொண்டவர். டகோனி ஓடையில் கற்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து கண்ணாடிப் பாத்திரங்களில் நீரூற்றி வைத்து, நாள்தோறும் உருப்பெருக்கியில் பார்ப்பது அவருடைய வழக்கம். 1885இல் அப்படி ஒரு கல்லின் மீது உணர்விழையற்ற சிறு பாலிப்பைக் கண்டு மைக்ரோஹைட்ரா ரைடெரி என்று பெயரிட்டார். பல ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அதிலிருந்து மெடூசா மொட்டுவிட்டுக் கழல்வதையும் கண்டார். ஆனால் அவருடைய பாத்திரங்களில் அந்த மெடூசாக்கள் வளர்ந்து பெரிதாகவில்லை. குஞ்சு மெடூசாவுக்கும் லண்டன் தொட்டியின் முதிர்ந்த குடைக்கும் உருவ ஒற்றுமை குறைவு. ஆகவே லண்டனில் ஒரு பெயர், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பெயர் என்று நாற்பது ஆண்டுகள் போயின. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டஸ் பெய்ன் 1924இல் வெளியிட்ட ஆய்வே இரண்டையும் ஒரே பேரினத்தின் கீழ் கொண்டுவந்தது.

பாட்ஸை நான் விரும்பி நினைப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் இந்த உயிரை வளர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இன்றும் அவருடைய வழியே வழி. குடையைத் தேடிக் குளக்கரையில் காத்திருப்பவர் பல கோடைகள் ஏமாறுவார். நீர் 25 செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய கோடையின் பின்பகுதியில், தேங்கிய அமைதியான நீரில், சில வாரங்களுக்குத் தோன்றி மறைவது அது. ஓராண்டு ஆயிரக்கணக்கில் வரும் குளத்தில் மறு ஆண்டு ஒன்றும் வராமல் போகலாம். பாலிப்போ ஆண்டு முழுதும் அங்கேயே இருக்கிறது. நீருக்கடியில் கிடந்த கல், மூழ்கிய குச்சி, சிப்பி ஓடு ஆகியவற்றை அந்தக் குளத்து நீரிலேயே வைத்துக் கொண்டுவந்து, ஒரு தட்டையான கிண்ணத்தில் கலங்கல் அடங்க விட்டு, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சி உருப்பெருக்கியால் பொறுமையாகத் தேட வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் ஆகாது. உணவு, வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஆர்டீமியா முட்டைகளைப் பொரித்து, உப்புப் போக நன்னீரில் அலசியது. தன்மேல் வந்து மோதும் இரையை மட்டுமே பாலிப் பிடிக்கும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மிஞ்சியதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

நன்கு உண்ட பாலிப் மூன்று வழிகளில் மொட்டுவிடும். பக்கத்திலேயே இன்னொரு பாலிப். கழன்று புழுவைப் போல ஊர்ந்துபோய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும் மொட்டு. வெப்பமும் இரையும் ஒத்துவந்தால் மெடூசா. பிறக்கும்போது அந்த மெடூசா ஒரு மில்லிமீட்டர், எட்டு உணர்விழைகள். முதிர்ந்தால் இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் குறுக்களவும் நானூறு அளவுக்கு உணர்விழைகளும் கொண்டதாகும். நாணய அளவுக் கண்ணாடிக் குடை மேலே எழும்பி, துடிப்பை நிறுத்திவிட்டு, இழைகளை விரித்துக்கொண்டு மெதுவாகக் கீழே அமிழும், மறுபடி எழும்பும். அதன் கொட்டும் செல்களால் நம் தோலுக்குப் பொதுவாக எந்தத் தீங்கும் நேர்வதில்லை. ஆனால் தொட்டியில் அதை முதிர்ச்சிவரை கொண்டுசேர்ப்பவர் சிலரே. வடிகட்டியின் இழுவை அதைக் கிழிக்கும். காற்றுக்குமிழ் குடைக்குள் சிக்கும். மூலையுள்ள தொட்டியில் முட்டி முட்டி ஓயும். மென்மையாகச் சுழலும் நீரும் வளைந்த சுவரும் வேண்டும். இவ்வளவு செய்தும் சில வாரங்களே. பாட்ஸுக்கு நேர்ந்ததே பெரும்பாலோருக்கும் நேர்கிறது. குடை போய்விடும், கல்லின் மீது ஒட்டிய துகள் இருக்கும்.

*

லண்டன் தொட்டிக்கு அது எங்கிருந்து வந்தது? அல்லி அமேசானுடையது என்பதால் அமெரிக்க வெப்பமண்டலம் என்றே முதலில் ஊகித்தனர். ஆனால் 1907இல் ஜப்பானிய விலங்கியலாளர் அசாஜிரோ ஓகா, சீனத்தில் கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள யிச்சாங் நகரருகே யாங்சி ஆற்றில் கிடைத்த இதே பேரினத்து மெடூசாவை விவரித்தார். யாங்சிப் பள்ளத்தாக்கே இதன் தாயகம் என்ற கருத்து பின்பு வலுப்பெற்றது. அங்கே அறிவியலுக்கு முன்பே அதற்குப் பெயர் இருந்தது. பீச் மரம் பூக்கும் பருவத்தில் தோன்றுவதால் பீச்பூ மீன். கி.மு.33இல் ஹான் அரசவையிலிருந்து ஷியோங்னு தலைவனுக்கு மணமுடித்து அனுப்பப்பட்ட வாங் சாவ்ஜுன் என்ற பெண், பிறந்த ஊரை விட்டுப் பிரிகையில் சிந்திய கண்ணீர் பூவிதழ்களில் விழுந்து இம்மீன்களானது என்பது அவ்வூர்க் கதை. அவள் ஊரின் ஓடை யாங்சியில் கலக்கிறது. 2003இல் மூன்று பள்ளத்தாக்கு அணையின் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபோது அந்த ஓடையின் கீழ்ப்பகுதி அதற்குள் அடங்கியது.

தாயகம் சுருங்க, உயிரோ உலகெங்கும் பரவியிருக்கிறது. 1901இல் லியோன், 1905இல் மியூனிக் என்று முதலில் ஐரோப்பாவின் தாவரவியல் தோட்டத்துத் தொட்டிகளில். பிறகு ஏரிகளில், குவாரிக் குட்டைகளில். இன்று அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும். குளிரிலும் வறட்சியிலும் பாலிப் சுருங்கி, உறைபூண்ட விதைபோலாகி உறங்கும். நீர்ச்செடியின் வேரிலோ, வளர்ப்பு மீன்களைக் கொண்டுசெல்லும் நீரிலோ அது பயணம் செய்துவிடும். அழகுக்காகச் செடிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோன மனித ஆசைதான் அதன் கப்பல். ஆகவே வீட்டில் வளர்ப்பவருக்கு ஒரு கடமை இருக்கிறது. அந்தத் தொட்டியின் நீரையோ கல்லையோ செடியையோ எந்தக் குளத்திலும் ஆற்றிலும் கொட்டக்கூடாது. குடைகள் எல்லாம் இறந்துவிட்டன என்று நம்பிக் கொட்டும் நீரில் கண்ணுக்குத் தெரியாதது இருக்கும்.

*

கிரேவ்லி கண்டது இதன் தூரத்து உறவு. 1883இல் ஜெர்மானியப் பயணி ரிச்சர்ட் பெம் ஆப்பிரிக்காவின் டங்கனீக்கா ஏரியில் ஜெல்லிமீனைக் கண்டார். பத்தாண்டுகள் கழித்து அது லிம்னோக்னிடா என்று பெயர் பெற்றது. அதை முன்வைத்து ஜே.இ.எஸ்.மூர் ஒரு பெருங்கோட்பாட்டைக் கட்டினார்: டங்கனீக்கா, பழங்காலத்துக் கடல் ஒன்றின் எச்சம். 1903இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கோட்பாட்டின் கவர்ச்சி பெரிது. ஆனால் அதே வகை ஜெல்லிமீன் ஆப்பிரிக்காவின் வேறு நீர்நிலைகளிலும் தென்படத் தொடங்கியது. 1911இல் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் ஆசிரியராக இருந்த சங்கர் புருஷோத்தம் அகர்கர், சாத்தாரா மாவட்டத்தில் கிருஷ்ணையின் கிளையான யென்னா ஆற்றில் அதைக் கண்டார். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் நெல்சன் அன்னன்டேல் அதை லிம்னோக்னிடா இண்டிகா என விவரித்தார். அகர்கருடன் சேர்ந்து அதன் வாழிடத்தையும் பழக்கங்களையும் எழுதியவர் அதே அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிரேவ்லி. மலையாறு ஒடுங்கிப் பாறைக் குழிகளில் தேங்கிநிற்கும் கோடையில் அது தோன்றுகிறது. மழை வந்து ஆறு புரளும்போது மறைகிறது. பழங்கடல் எதுவும் தேவைப்படாமல், ஒரு மலையோடையே அதற்குப் போதுமாயிருந்தது.

அகர்கர் பிறகு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். 1946இல் புணேயில் அவர் முன்னின்று தொடங்கிய ஆய்வு நிறுவனம் 1992 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிரேவ்லி சென்னைக்கு வந்து வெண்கலத்தின் முன் நின்றார். அவருடைய பட்டியல் வெளிவந்த அதே 1932இல் ரீஜண்ட் பூங்காவின் தாவரவியல் சங்கம் கலைந்தது. அல்லித் தொட்டி இருந்த தோட்டம் இன்று அரசி மேரியின் பெயரிலான ரோஜாத் தோட்டம்.

இந்தக் கதையில் முதலில் பார்த்தவருக்குப் பெயர் கிடைத்தது. ஒரு வாரம் முந்தியவருக்கு வெற்றி கிடைத்தது. வேரைத் தூக்கிப் பார்த்தவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எழும்பூர் செல்பவர்கள் வெண்கலக் கூடத்தில் நிற்கும்போதும், கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரியைக் கடக்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளைத் தேடிக் குனிந்த இரு மனிதர்கள் இங்கே நடமாடினார்கள் என்பதை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். போர்னும் பாட்ஸும் வைத்திருந்த கருவிகள் எளியவை. ஒரு கிண்ணம், ஓர் உருப்பெருக்கி, குளத்தடியிலிருந்து எடுத்த கல்லோ வேரோ ஒன்று. அவற்றுக்கு முன் அமர்ந்திருக்கும் பொறுமை யாருக்கு வாய்க்கிறதோ அவர்களுக்கு அந்தத் துகள் இன்றும் கிடைக்கக்கூடும்.